குருணை கருகும் வாசனை

அடிப்பிடித்த சோற்றின் வாசனை...

இன்று மதியம் மடவார் வளாகம் பகுதியில் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து அது வந்ததும், காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்த எனக்குச் சுத்தமாக இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். சட்டைப் பையில் போன் வேறு. காலையில் கப்பல் ஏஜெண்ட் அனுப்பிய மெசேஜ் அதில் இருக்கிறது. "சார், ஒரு ட்ரிப் இருக்கு, வர்றீங்களா?"

இனிமேல் கப்பல் ஏற மாட்டேன் என்று என் மனைவி செல்வியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வீட்டோடு இருப்பவன் நான். மெசேஜ் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை.

சரி, அந்த வாசனைக்கு வருகிறேன்.

மரைன் எஞ்சினியரிங் படித்துவிட்டு, கப்பலில் கூப்பிடுவார்கள் என்று காத்துக் கிடந்த காலம். ஊரெல்லாம் பவர்கட். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில், உடைத்த கப்பலிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிவந்து கரண்ட் எடுத்தார்கள். அது லாரியிலிருந்து இறங்கும்போதே, கூட வேலை பார்த்த ஜெபா ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே... கப்பலுக்குப் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தல்லா? பாரு, கப்பலே ஒன்னத் தேடி வந்துட்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

அந்த எஞ்சின் சரியான கரிமூட்டை. ஞாயிற்றுக்கிழமை அதை நிறுத்தி, எக்ஸாஸ்ட் வால்வுகளையும் புகை போகும் குழாய்களையும் கழற்றி டீசலில் ஊறப்போட்டுச் சுரண்டுவோம். மேல்கரி பிரஷ் பட்டாலே உதிரும். அடிக்கரி தார் மாதிரி இறுகியிருக்கும். அழுத்திச் சுரண்டினால் வால்வில் கோடு விழுந்துவிடும், பொறுமை வேண்டும். எனக்கு ஏது பொறுமை? அந்த அடிக்கரி மட்டும் நம்ம ஊரில் பிடித்ததில்லை, கடலில் ஓடும்போது பிடித்தது என்று நானாகவே நினைத்துக்கொள்வேன். முகர்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். கரி வாசனைதான் அடித்தது.

ஞாயிறு வரை தாங்காது என்றால் அரிசி!

எஞ்சின் ஓடும்போதே, புகையின் வேகத்தில் சுழலும் டர்போவுக்குள் அரிசிக் குருணையைக் காற்றோடு சேர்த்து அடிப்போம். குருணை அதன் இறக்கைகளில் மோதி, ஒட்டியிருக்கும் கரியைத் தட்டிவிட்டுப் போகும். கப்பலில் இதற்கு வால்நட் ஓட்டுப் பொடி. அதற்கு ராஜபாளையத்தில் எங்கே போவது? கேன்டீன் சொர்ணம் அக்காவிடம்தான் போய் நிற்போம்.

"தின்னுத அரிசியக் கொண்டுபோயி கரிக்குள்ள போடுதியளே... வெளங்குவியளால?"

திட்டிக்கொண்டேதான் அளந்து போடுவாள். கொஞ்ச நேரத்தில் புகைபோக்கி வழியாக மில் முழுக்கக் கருகிய சோற்று வாசனை. ஒரு கப்பலும் வர வழியில்லாத ஊரில் எனக்கு அதுதான் கடல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வால்வு கையில் இருக்கும்போது போன் அடித்தது. முழங்கை வரை கரி. டீ கொண்டுவந்த சொர்ணம் அக்காதான் போனை எடுத்து என் காதில் வைத்தாள். கப்பல் கம்பெனியிலிருந்து, சென்னைக்கு உடனே கிளம்பி வரச் சொன்னார்கள்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிச்சத்தை நான் மாட்டிவிடுகிறேன், நீ போ என்று ஜெபா துரத்தினான். அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"போயிட்டு வா... கப்பல்லயாவது சோத்தக் கரியில போடாத."

போட்டேன் அக்கா.

நடுக்கடலில் வால்நட் பொடி தீர்ந்துபோனபோது, அரிசி போடலாம் சார் என்று சீஃப் எஞ்சினியரிடம் சொன்னவன் நான்தான். போட்டோம். டெக்கில் வந்து நின்றால் அதே வாசனை. சுற்றிலும் தண்ணீர். எனக்கோ மில் கேட்டும் அய்யனார் கோவில் மலையும் கேன்டீன் டீயும்தான் கண்ணுக்குள். ஊருக்குப் போக வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மில்லில் இப்போது எஞ்சின் இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஜெபா சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் இங்கே இருந்தால் அங்கே, அங்கே இருந்தால் இங்கே. அன்றைக்குக் கரிக்கையோடு போனை எடுக்க முடியாமல் தவித்தேன். இன்று கை சுத்தமாக இருக்கிறது, போனை எடுக்கத்தான் பயம்.

"தண்ணி கொறஞ்சிட்டு, அடிபுடிச்சிட்டு" என்று செல்வி குக்கரைத் திறந்தாள். சும்மா நிற்க முடியாமல் கரண்டியை வாங்கி அடியைச் சுரண்டினேன். ஓரத்திலிருந்து, அழுத்தாமல்... கை தானாகச் செய்தது.

செல்வி என் கையைப் பார்த்தாள்.

"காலையில அந்தப் போனப் பாத்ததுல இருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் எம்புட்டு நடை! நீங்க கப்பலுக்குப் போனாக்கூட ஒரு நாள் வருவியன்னு இருப்பேன். இங்க இருந்துக்கிட்டே இல்லாம இருக்கியளே, அதான் தாங்கல."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சொல்லுங்க, எப்ப ஏறணுமாம்?"

நான் பதில் சொல்வதற்குள் தட்டை வைத்து, கருகாத சோறாகப் பார்த்து எனக்குப் போட்டாள்.