கச்சானுக்கு ஒரு வாச்சர்

போன கிழமை ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் ஒரு கனவானைக் கண்டேன். கழுத்தில் ரை கட்டியிருந்தார். ரை தோளுக்கு மேலால் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. கையிலிருந்த பைலும் பறந்துவிட்டதே! தாள்கள் றோட்டைக் குறுக்கறுத்து, படுத்திருந்த ஒரு மாட்டின் முதுகில் கொஞ்சம் ஆறி, பிறகு மதிலுக்கு மேலால் எழும்பிப் போயின.

கச்சான் காலம். திருகோணமலை வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மற்ற ஊர்க்காரருக்காக ஒரு வார்த்தை. கச்சான் என்றால் உங்களுக்கு வறுத்துத் தின்கிற கடலை. எங்களுக்கும் அதுதான். ஆனால் எங்களிடம் இன்னொரு கச்சானும் இருக்கிறது. வருஷத்தின் நடுப்பகுதியில் மேற்கேயிருந்து வருகிற காற்று. காடு கடந்து, வயல் கடந்து, குளங்களையெல்லாம் குடித்தும் தாகம் அடங்காமல் வருகிற காற்று. கதவை அறையும். தகரத்தைப் பிடித்து உலுக்கும். உள்துறைமுகத்துத் தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கிக் கசக்கிய பாய் போலாக்கிவிடும். முதல் கச்சானை நாங்கள் வாய்க்குள் போடுகிறோம். இரண்டாவது, மண்ணையும் கூட்டிக்கொண்டு, தானாகவே வாய்க்குள் வந்துவிடும்.

அந்தக் கனவானை எனக்குத் தெரியும். அவர் ஒரு ஆர்க்கிடெக்ற். தாள்கள் தாண்டிப்போன மதில் அவர் கீறிய மதில். உள்ளே ஒரு வெறும் வளவு... எருக்கலை, நாயுருவி, இரண்டு ஆடு. வாசலில் மட்டும் ஒரு சின்ன வீடு. காவல்காரர் வீடு, எங்கள் பாஷையில் வாச்சர் வீடு.

வெறும் வளவுக்கு ஏன் மதில்? ஆட்டுக்கு ஏன் காவல்? ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. உள்ளூர்க்காரர் உடனே வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்ட பைல்தான் பறந்துவிட்டதே.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊருக்குப் பல்கலைக்கழகம் வரப்போகிறது என்று ஒரு கதை எழும்பியது. எங்கே வரும், என்ன படிப்பிப்பார்கள், ஆர் படிப்பிப்பார்கள்... ஒன்றும் தெரியாது. படிக்கிற கட்டிடத்துக்கு இடமில்லை. படுக்கிற கட்டிடத்துக்கு மட்டும் இடம் பார்த்துவிட்டார்கள். மாணவர் விடுதி! மூன்று மாடி. இடம் ஓர்ஸ் ஹில்லில், வெள்ளைக்காரனின் கப்பற்படைக் காலத்துப் பழைய குவார்ட்டர்ஸ்.

அந்தக் குவார்ட்டர்ஸ் ஒரே வரிசையாக ஆறு வீடு. வெள்ளைக்காரன் போனபிறகு எங்கள் சனம் குடியேறி, ஆளுக்கொரு நிறம் அடித்து, ஆளுக்கொரு பக்கம் தாழ்வாரம் இறக்கி, பார்க்க ஒரு சாயம்போன ரெயில் மாதிரி இருக்கும். ஓடாத ரெயில். அதை இடித்துத்தான் விடுதி.

இதற்கு ஒரு கமிட்டி. தலைவர், காணிக் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி தேவை என்று நம்புகிறவர். ஹனீபா காக்கா, மூதூர் மரவியாபாரி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் லோஞ்சில் வந்து, கடல் எப்படியிருந்தது என்று முதலில் ஒரு அறிக்கை சமர்ப்பிப்பார். மூன்றாவது ஆள் நான். கூட்டக்குறிப்பைத் தமிழில் எழுத ஒருவர் வேண்டுமாம். வசனகவிதை எழுதுகிறவனுக்குக் கூட்டக்குறிப்பு வருமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முதல் கூட்டத்துக் குறிப்பில், ‘மின்விசிறி நீண்ட பெருமூச்சு விட்டது’ என்று எழுதினேன். தலைவர் வெட்டிவிட்டார். நல்ல வரி, போய்விட்டது.

ஆறு குடும்பத்துக்கும் மாற்றுக் காணி கொடுப்பதாக ஏற்பாடு. கண்டி வீதியில், ஊரைவிட்டு வெகுதூரம் உள்ளே, பற்றைக்காட்டுக்கு நடுவே. ஐந்து குடும்பங்கள் முணுமுணுத்து, பெருமூச்சு விட்டு, பிறகு ஓம் என்றுவிட்டன. கடைசி வீட்டுப் பிலோமினாக்கா மட்டும் ஏலாது என்றா.

அவ சொன்னதில் நியாயம் இருந்தது. பிலோமினாக்கா ஓர்ஸ் ஹில் கந்தோர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கிறவ. காலமை மீன் வாங்கிச் சமைத்து, பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கரியர்கள் கிளார்க்மாரின் மேசையில் இருக்கவேண்டும். புருஷன் மரியதாஸ் அண்ணை துறைமுகத்தில் பாரந்தூக்கி வேலை செய்து, இடுப்பில் அடிபட்டு, வீட்டோடு இருக்கிறவர். பகல் முழுக்கப் பகிடியும் நித்திரையும். அந்த வீட்டின் அடுப்பு எரிவது மலையில் இருப்பதால். பற்றைக்காட்டிலிருந்து சோறு புறப்பட்டால் மேசைக்கு வரும்போது கந்தோர் பூட்டிவிடும்.

அவ தலைவரிடம் போனா. தலைவர், விதியில் இடமில்லை என்றார். மறுபடி போனா. மறுபடியும் விதியில் இடமில்லை. அவர் அதைச் சொன்னபோது மேசையில் திறந்திருந்த கரியரில் இருந்தது பிலோமினாக்காவின் சூடைமீன் சொதி என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். இதையும் கூட்டக்குறிப்பில் எழுதியிருந்தால் வெட்டியிருப்பார்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஆர்க்கிடெக்ற் வந்தார். இளம் பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான்; ஆனால் கொழும்பில் பிறந்து, கொழும்பில் படித்து, பின்னேரங்களில் காலிமுகத்திடலில் கச்சான் கொறித்து வளர்ந்தவர். வெள்ளைக் கடதாசியில் மூன்று மாடி கீறிக்கொண்டு வந்திருந்தார். மேற்குப் பக்கம் முழுக்க யன்னல். துறைமுகம் தெரியவேண்டுமாம். நல்ல மனுஷன், குடியிருக்கிறவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்றார். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சனம் பயந்துவிட்டது.

பிலோமினாக்கா பயப்படவில்லை. எழும்பினா.

“தம்பி, மேற்குப் பக்கம் இவ்வளவு யன்னல் வைச்சால் பிள்ளையள் படிக்கேலாது. கச்சான் தொடங்கினால் ஒரே சத்தம். முற்றமெல்லாம் குப்பை.”

“அப்படியா அன்ரி? எத்தனை மணிக்கு வரும்?”

“காலமை பத்துக்குத் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் நிக்காது. அந்த ஒழுங்கையால நேரே வரும். வந்தால் மாசக்கணக்கில போகாது.”

அவர் கவனமாகக் குறித்துக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, மிகவும் அக்கறையோடு கேட்டார்:

“பொலிசில சொல்லிப் பார்க்கேல்லையா?”

கூட்டம் சிரித்தது. கொழும்புப் பிள்ளைக்குப் பகிடியும் வரும் என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். பின்கதிரையிலிருந்து மரியதாஸ் அண்ணை, “அவையளும் தொப்பியைப் பிடிச்சுக்கொண்டெல்லே நிக்கினம்” என்றார். இன்னும் சிரிப்பு. ஆர்க்கிடெக்ற் சிரிக்கவில்லை. ஊரில் பொலிஸ் இந்த அளவுக்குக் கெட்டுப்போய்விட்டதா என்பதுபோல் பெருந்துயரத்தோடு தலையாட்டினார்.

அப்போதாவது எங்களுக்குப் பிடிபட்டிருக்க வேண்டாமா? இல்லை. ஒரே சொல்லை இரண்டு பேர் சொல்லும்போது ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள் என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. எத்தனையோ கலியாணங்கள் அதில்தான் ஓடுகின்றன.

அடுத்த கூட்டத்துக்குப் புதிய பிளானோடு வந்தார். மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் பாரம் வைத்தார். வெளியே காற்று பிய்த்துக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கத்து யன்னல்கள் அப்படியே இருந்தன. ஆனால் எல்லையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மதில். ஒரே ஒரு கேற். கேற்றடியில் ஒரு வீடு: ஒரு அறை, ஒரு விறாந்தை, குசினி, கக்கூசு.

இது என்ன என்று தலைவர் கேட்டார்.

“வாச்சர் குவார்ட்டர்ஸ் சேர். குடும்பத்தோட இருக்கிற வாச்சர் வேணும். கச்சான்காரர் பகல் முழுக்க வருவினம் எண்டு அன்ரி சொன்னவ. கேற்றிலயே மறிச்சால் உள்ளுக்குச் சத்தமும் இல்லை, கச்சான் கோதுக் குப்பையும் இல்லை.”

கச்சான்... காரர்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. மின்விசிறி கூட. வெளியே, அந்த மதிலால் மறிக்கப்படவிருந்த கச்சான், யன்னலைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. நான் வாயைத் திறந்தேன். எனக்குத்தான் வாய் நிற்காதே! மேசைக்குக் கீழே ஹனீபா காக்காவின் கால் வந்து என் கணுக்காலில் விழுந்தது. மரம் ஏற்றி இறக்கிப் பழகின கால். வாயை மூடிக்கொண்டேன்.

பிலோமினாக்கா பின்வரிசையில் இருந்தா. முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. மெல்ல எழும்பி, சீலைத் தலைப்பைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னா:

“தம்பி சொல்லுறது சரி. கச்சானை மறிக்கிறதெண்டால் அதோட பழகின ஆள் வேணும். எங்கட இவருக்கு அது எந்த மூலையால வரும், எப்ப அடங்கும் எண்டு அத்துப்படி.”

மரியதாஸ் அண்ணை பணிவாகத் தலை குனிந்தார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். அவர் இந்த ஊரில் பிறந்தவர். இந்தக் காற்றில் கதவு அறைந்து விரல் நசுங்கினவர். ஒரு சொல் — ஒரே ஒரு சொல் — சொன்னால் போதும். மதில் போகும், வாச்சர் போவார், பிலோமினாக்காவின் அடுப்பு பற்றைக்காட்டுக்குப் போகும். விதியில் இடமில்லை என்று சொல்லிச் சொல்லி வழக்கப்பட்ட வாய். அந்த வாய் திறந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டாகப் போகிறது. கரியர் வருகிற நேரம்.

“கச்சானுக்கு வாச்சர் அவசியம்,” என்றார். “எழுதுங்கோ.”

எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச்சிறந்த வசனகவிதை அதுதான். ஒரு சொல்லும் என்னுடையதல்ல.

கட்டிடச் சாமான்கள் களவு போகக்கூடாது என்று முதலில் மதிலையும் வாச்சர் வீட்டையும் கட்டினார்கள். மரியதாஸ் அண்ணை வாச்சராகி, குடும்பத்தோடு அதற்குள் புகுந்தார். பிறகு பழைய குவார்ட்டர்ஸை இடித்தார்கள். பிறகு கொழும்பில் ஆட்சி மாறியது, மேசை மாறியது, பல்கலைக்கழகம் வேறு எங்கோ போய் இறங்கிவிட்டது. மூன்று மாடி வரவில்லை. போகச் சொன்ன ஐந்து குடும்பங்கள் போய்விட்டன. வருவார்கள் என்ற பிள்ளைகள் வரவில்லை. மிச்சம் ஒரு மதில், இரண்டு ஆடு, பிலோமினாக்கா.

நானும் எத்தனையோ திட்டங்களைப் பார்த்துவிட்டேன். அவற்றில் ஏழைக்குக் கிடைத்தது எல்லாம் தவறுதலாகக் கிடைத்ததுதான்.

சரி, போன கிழமைக்கு வருவோம். பல்கலைக்கழகம் மறுபடியும் வரப்போகிறதாம். அந்தக் கதையோடு ஆர்க்கிடெக்றும் மறுபடி வந்திருக்கிறார், காதோரம் நரையோடு, புதிய பைலோடு. பைல் இப்போது இரண்டு ஆட்டின் காலடியில். காற்றுக்கு ஒதுங்க வேறிடமில்லாமல் அவரும் நானும் வாச்சர் வீட்டு விறாந்தைக்குள் ஓடினோம்.

பிலோமினாக்கா இரண்டு பிளேன்ரீயும், கடதாசிச் சரையில் சுடச்சுட வறுத்த கச்சானும் கொண்டுவந்து வைத்தா. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் பின்னேரங்களில் கேற்றடியில் கச்சான் விற்கிறா என்பதை நான் உங்களுக்குச் சொல்லவில்லையா? மன்னிக்கவேண்டும்.

அவர் சரையைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். கண்ணுக்குள் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன அன்ரி இந்தக் காத்து?” என்றார்.

புதிய பிளானில் இந்த வீடு இருக்குமோ இல்லையோ, பேனை அவருடைய கையில். பிலோமினாக்கா ஏதாவது பொய் சொல்லிவிடுவா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“இதுதான் தம்பி கச்சான்,” என்றா. “அண்டைக்கு நான் சொன்னது இதை.”

கையிலிருந்த கச்சான் சரைக்குள் திரும்பி விழுந்தது. மதிலைப் பார்த்தார். அந்த மதிலுக்கு மேலால் சருகும் கோதும் ஒரு பொலித்தீன் பையும் அவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தன.

“அப்ப... எல்லாருக்கும் தெரியுமா?”

“ஓம் தம்பி. உங்களுக்குத்தான் சொல்லேல்ல.”

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, மனுஷன் சிரிக்கிறார். கண்ணால் தண்ணீர் வர, ரை பறக்க, சிரிக்கிறார். சிரித்து முடித்து, ஆட்டிடமிருந்து மீட்ட ஒரு தாளைத் தொடையில் விரித்து, மூலையில் ஒரு சின்னச் சதுரம் கீறினார்.

“புதுப் பிளானிலயும் வாச்சர் வீடு இருக்கட்டும் அன்ரி. கச்சான் முந்தியைவிடக் கூடவெல்லே இருக்கு. ஆனால் வாச்சர் எங்க?”

பிலோமினாக்கா அறைப்பக்கம் கையைக் காட்டினா. கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

வாச்சர் நல்ல நித்திரை.