செக்கரம்மா தேடிய கல்லறை

டிக்கெட் எடுக்காதவனை அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், அவன் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும் என்று டிப்போவில் சொல்வார்கள். நகரப் பேருந்துகளில் பரிசோதகராக இருந்த காலம் முழுக்க அவள் யாருக்கும் தயவு காட்டியதில்லை. நாத்தனார் புருஷனையே நடுவழியில் இறக்கி அபராதம் எழுதினாள். அதனால் அந்த வீட்டோடு ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. "சாப்பாடு போடும்போதுகூட டிக்கெட் கேப்பா" என்று அவள் கணவரே சொல்லிச் சிரிப்பார். அவரும் அதே டிப்போவில் டிரைவர். ஊருக்கு அவள் செக்கரம்மா. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு வேறொரு வேலை காத்திருந்தது. அவளுடைய அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். அந்தக் காலத்தில் பள்ளிச் சீருடை தைத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். இப்போது காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது. பழையதெல்லாம் மட்டும் நேற்று நடந்ததுபோல் பளிச்சென்று நின்றது.

ஒரு காலை, தலை வாரிக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள்.

"எங்க அப்பாவை இப்ப யாருடி போய்ப் பாக்குறா?"

"அவர் போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆச்சும்மா."

"அதைத்தான் கேக்குறேன். அங்க யாரு போறா?"

செக்கரம்மாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. தாத்தா என்று ஒருவர் இருந்தார் என்பதே அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பாட்டில் தொழிற்சாலையில் உலை வேலை. சின்ன வயதிலேயே நெஞ்சு நோயில் போனவர். ஒரு போட்டோகூடக் கிடையாது.

அன்று அம்மா நிறையப் பேசினாள். கல்லறைக்குக் கல் வாங்க வீட்டில் வசதியில்லை. உடன் வேலை பார்த்தவர்களே சிமெண்டு குழைத்து மேடை கட்டினார்களாம். உடைந்த பச்சைப் பாட்டில்களின் அடிப்பாகங்களைப் பூப்போல வட்டமாகப் பதித்தார்களாம். பச்சை ஒன்று குறைந்துபோக, அந்த இடத்தில் ஒரு பழுப்புப் பாட்டிலின் அடியை வைத்தார்கள். எல்லாம் பச்சையாக இருக்கும்போது இது மட்டும் ஏன் இப்படி என்று சின்னப் பெண்ணான அம்மா தரையில் புரண்டு அழுதாள். உலைக்காரர் ஒருவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது இருந்தாத்தான் நாளைக்கு நீ வந்து தேடும்போது உங்கப்பாவை அடையாளம் தெரியும்" என்று சமாதானம் சொன்னார்.

ஆனால் அம்மா போய்த் தேடவில்லை. பாட்டி வேறொருவரைக் கட்டிக்கொண்டு தூரத்துக்குக் குடிபோனாள். புது வீட்டில் பழையவரைப் பற்றிப் பேச்செடுக்க முடியாது. கல்யாணமான பிறகு ஒரு தடவை வந்து பார்த்தபோது ரயில்வே கேட்டையே நிரந்தரமாக மூடியிருந்தார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அம்மா திரும்பிவிட்டாள். அடுத்த வருஷம் போகலாம் என்றார் செக்கரம்மாவின் அப்பா. அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

"எங்கம்மா இருக்கு அந்த இடம்?"

"ரயில்வே கேட்டைத் தாண்டி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

இப்போது அந்த ரயில்வே கேட்டும் இல்லை, தொட்டியும் இல்லை. போதாக்குறைக்கு, ஊர் எல்லையையே இடையில் இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். தண்டவாளத்துக்கு வடக்கே இருந்ததையெல்லாம் முதலில் பக்கத்து நகராட்சியோடு சேர்த்தார்கள். பிறகு தண்டவாளத்தையே பெயர்த்து வேறு பக்கம் போட்டார்கள். அது கிடந்த இடத்தில் சாலை வந்தது. அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் தள்ளி மறுபடியும் கோடு கிழித்தார்கள். பழைய தெருப் பெயர்கள் போய் எண்கள் வந்தன.

செக்கரம்மா முதலில் தன் ஊர் நகராட்சிக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். "அந்த ஏரியா இப்ப எங்க கையில இல்லம்மா. அவங்களைக் கேளுங்க."

பக்கத்து நகராட்சியில் இருந்தவர் இன்னும் தெளிவாகப் பேசினார். "அவர் இறந்தப்ப அது எங்க ஊரே இல்ல. அதுக்கு நாங்க எப்படிம்மா பொறுப்பாக முடியும்?"

"சரிங்க. இப்ப அவரு எந்த ஊர்ல இருக்காரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இறந்தது அந்த ஊர்ல. இருக்கிறது இந்த ஊர்லயா இருக்கலாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்ன அடையாளத்தைச் செக்கரம்மா மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். ரயில்வே கேட்டு, தண்ணித் தொட்டி.

கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "ஏய், தொட்டி ஸ்டாப்புன்னு தினம் நிறுத்துவேனே. அங்க ஏது தொட்டி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொட்டி, தொட்டி, இறங்குறவங்க முன்னாடி வாங்க என்று எத்தனை நடத்துநர்கள் கத்தி அவள் கேட்டிருக்கிறாள். அங்கே இருப்பது ஒரு செருப்புக் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, நீளமான ஒரு மதில். அவ்வளவுதான். ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிக்க அவளுக்குத் தோதான இடமே அந்த நிறுத்தம்தான். வண்டி வரும்வரை அந்த மதிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். வெயிலில் நின்றிருக்கிறாள், மழையில் குடையோடு நின்றிருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடும் நின்றிருக்கிறாள்.

"என்ன, சாப்பிடலையா?" என்றார் கணவர்.

"வேண்டாம்" என்று எழுந்துபோய்க் கை கழுவினாள்.

மறுநாள் மதிலின் கதவு வழியாக உள்ளே போய்ப் பார்த்தாள். குப்பை லாரிகள் வரிசையாக நின்றன. சக்கரங்களுக்கு நடுவே அங்கங்கே பழைய கல்லறைகளின் சிமெண்டு விளிம்புகள் தலைநீட்டின. காவல்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு சலாம் வைத்தார். ஒரு காலத்தில் அவளிடம் அபராதம் கட்டியவராம். "இந்தப் பக்கம் எல்லாம் மட்டமாயிடுச்சு செக்கரம்மா. உள்ளுக்குள்ள இன்னொரு சுவர் தெரியுதுல்ல? அதுதான் எல்லை. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதை அந்த ஊர்க்காரங்க நல்லா வச்சிருக்காங்க. ஆனா வழி அந்த ஊருக்குள்ளாற சுத்தித்தான்."

சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம் மரநிழலும் பெருக்கிய பாதையும் ஒரு தண்ணீர்க் குழாயுமாக ஒழுங்காக இருந்தது. வரிசை வரிசையாக நடந்து பார்த்தாள். எல்லைச் சுவரை ஒட்டிய கடைசி வரிசையில், வெள்ளையடித்த ஒரு மேடைமேல் அம்மைக் கொப்புளம்போலப் புடைப்புகள் வட்டமாகத் தெரிந்தன. உட்கார்ந்து வீட்டுச் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். பச்சை. அடுத்ததும் பச்சை. ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டே வந்தாள். சுவர்ப் பக்கமாக இருந்த ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்ததும், டீத்தண்ணீர் நிறத்தில் கண்ணாடி வெளியே வந்தது.

ஆனால் தலைமாட்டில் ஒரு கறுப்புக் கல் நட்டிருந்தார்கள். அதில் யாரோ ஒருவருடைய பெயர்.

"யாரும்மா நீங்க?"

வாளியும் பிரஷ்ஷுமாக ஒரு பெரியவர் நின்றார். அறுபதைத் தாண்டியவர். கையில் குழாய் வேலைக்காரரின் காய்ப்புகள். சுரண்டிய சுண்ணாம்பை அவர் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். கோபப்படவில்லை.

"சும்மாதான் பாத்தேன். கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது" என்றாள் செக்கரம்மா. வாயில் வந்த முதல் பொய்.

"எங்கப்பா இது" என்றார் பிளம்பர். வாளியை வைத்துவிட்டு மேடையைத் தேய்க்கத் தொடங்கினார். "நான் வயித்துல இருக்கும்போதே போயிட்டாரு. மூட்டை தூக்குறவரு. சுவர் கட்டுனப்ப இந்த வரிசையையே கலைச்சுட்டாங்க. எங்கம்மா வந்து அழுதுச்சு. அங்க நின்ன ஒருத்தர், இதுதான்மா உன் வீட்டுக்காரர்னு கையைக் காட்டினாரு. அன்னியிலேர்ந்து மாசாமாசம் வரோம். இப்ப அம்மா இல்ல. நான் வரேன்."

அவள் "சரிங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னாள். "உன் தாத்தாவை அவர் ஒண்ணும் திருடிக்கலையே" என்றார் அவர். அது அவளுக்கும் தெரியும். ஆனால் முன்னறையில் படுத்திருக்கிறவள் தினமும் கேட்கிறாளே. போனியா? பாத்தியா? இன்னும் இல்லம்மா என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரம் போனது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

மறுபடியும் போனாள். தினமும் வந்து பார்த்து, மூன்றாம் நாள் பிளம்பர் அகப்பட்டார். அவரை உட்காரச் சொல்லி, பாட்டில் தொழிற்சாலையிலிருந்து பழுப்புக் கண்ணாடிவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பிரஷ்ஷின் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா" என்றார் கடைசியில்.

"தெரியுமா?"

"மூட்டை தூக்குறவருக்கு யாரு இத்தனை அழகா கண்ணாடி பதிச்சிருக்கப் போறாங்க? எங்கம்மாவுக்கும் தெரியும். சாகுறதுக்கு முன்னாடி சொல்லுச்சு. டேய், அது நம்ம ஆளு இல்லடா, ஆனா போறதை நிறுத்தாதேன்னு சொல்லுச்சு. எங்களுக்கு உக்காந்து அழ ஒரு இடம் வேண்டியிருந்தது. இவருக்கோ யாரும் வரல. என்னிக்காவது யாராவது வந்து கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேட்டா கல்லைப் பிடுங்கிக்கலாம்னு நினைச்சிருந்தேன். நாளைக்கே எடுத்துடறேன்மா."

செக்கரம்மாவுக்கு அழுகை வந்தது. வேலையில் இருந்தவரைக்கும் அவள் பொது இடத்தில் அழுததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப ஒண்ணும் எடுக்க வேண்டாம்ணே. முதல்ல எங்கம்மா வந்து பாக்கட்டும்."

அம்மாவை வாடகைக் காரில் படுக்க வைத்துக் கூட்டிவந்தார்கள். வாசலிலிருந்து சக்கர நாற்காலி போகாத இடத்தில், ஒரு பக்கம் மருமகனும் மறுபக்கம் பிளம்பருமாகத் தூக்கினார்கள். பிளம்பர் அதற்கு முன்பே வந்து சுண்ணாம்பையெல்லாம் சுரண்டிக் கண்ணாடிகளைத் துடைத்து வைத்திருந்தார். அம்மா குனிந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். விரல் பழுப்பில் வந்து நின்றது.

"அப்பவே சொன்னேன், இது நல்லா இல்லன்னு" என்றாள்.

அம்மா அழவில்லை. வெகுநேரம் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். பிறகு கறுப்புக் கல்லைக் கவனித்தாள். "இது யாரு பேரு?"

பிளம்பரே பதில் சொன்னார். "எங்கப்பா பேரும்மா. தப்பா வச்சுட்டோம். எடுத்துடறேன்."

"உங்கப்பா எங்க?"

"தெரியலம்மா. இந்தச் சுவத்துக்கு அடியில எங்கயாவது இருக்கலாம்."

அம்மா சுவரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். "எடுக்காதப்பா. எங்கப்பாவுக்குத் தனியா உக்காந்து டீ குடிக்கவே பிடிக்காது. வாசல்ல போறவனைக் கூப்பிட்டு உக்கார வச்சுப்பாரு."

பிளம்பர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைச் செக்கரம்மா பார்த்தாள்.

கல் வெட்டுகிறவரை வரவழைத்து, அதே கல்லில் மேலே தாத்தாவின் பெயரைச் சேர்த்தார்கள். இடம் கொஞ்சம் நெருக்கடி. எழுத்து சின்னதாகத்தான் வந்தது. பிளம்பருக்கு அதில் மனக்குறை. அம்மாவுக்குப் போட்டோவில் காட்டியபோது, எழுத்து தெரியவில்லை என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா போனாள். அவளைத் தன் ஊரிலேயே, செக்கரம்மாவின் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தூரத்திலிருந்து வந்த தம்பி, கூட்டத்தின் ஓரமாக நனைந்துகொண்டு நின்ற பெரியவரைக் காட்டி, "அவர் யாருக்கா?" என்று கேட்டான்.

"நம்ம தாத்தாவைப் பாத்துக்கிட்டவர்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் குடையை எடுத்துக்கொண்டுபோய் அவருக்குப் பிடித்தான்.

இப்போது பிளம்பருக்கு முழங்கால் வலி. மாதாமாதம் நடக்க முடிவதில்லை. முடியாத மாதங்களில் செக்கரம்மா போகிறாள். இரண்டு பேருந்து மாறவேண்டும். தொட்டி நிறுத்தத்தில் இறங்கி, அந்த மதிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வண்டி ஏறுவாள். மேடையைக் கழுவி முடிக்கும் நேரத்தில் போன் அடிக்கும்.

"தங்கச்சி, போயிட்டியா?"

"இங்கதான்ணே இருக்கேன். கழுவிட்டேன்."

"குழாய்ல தண்ணி வருதா?"

"வருது. மூடினாலும் ஒழுகிக்கிட்டே இருக்கு."

"வாஷர் போயிருக்கும். கயிறு கியிறு வச்சுக் கட்டிடாதே. முட்டி கொஞ்சம் தேவலாம்னா வர வாரம் நானே வந்து மாத்தறேன்."