கேட்டில் கட்டிய அட்டை

இதை என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே எங்கள் சொந்த வீடு. மாடியை வாடகைக்கு விட, கேட்டில் அட்டை கட்டியிருந்தோம். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட்காரர் ஒருவர், மனைவி கைக்குழந்தையோடு வந்து கேட்டார்.

"வடக்கத்தி ஆளுங்கள வெக்காதக்கா, வூடே நாறிடும்" என்றாள் பக்கத்து வீட்டு பாத்திமா. கறி சமைப்பார்கள் என்று அவளுக்கே இரண்டு இடத்தில் வீடு மறுத்திருக்கிறார்கள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்று நானும் சிரித்தேன்.

வீடு கேட்டு வந்தவர் சிரிக்கவில்லை. அவருக்குத் தமிழ் புரிந்திருந்தது. என் வாசல் சிலுவையைக் காட்டி, "நாங்களும் சர்ச்தான் அக்கா" என்றார்.

"நேத்தே விட்டாச்சுங்க" என்றேன்.

அவர் மாடியின் பூட்டிய கதவைப் பார்த்தார். பிறகு அட்டையின் கயிற்றை நிதானமாக அவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

"எடுத்து வெச்சிடுங்க அக்கா. இன்னொருத்தர் கொழந்தையோட வெயில்ல வந்து ஏமாறக் கூடாது."

முன்பு பண்ருட்டியில் நாங்கள் வாடகைக்கு வீடு தேடியபோது, எங்கள் சாதியை விசாரித்துவிட்டு ஒரு வீட்டுக்காரம்மா சொன்னதும் இதே பொய்தான். அன்று என் இடுப்பில் மகள் இருந்தாள். அந்த வீட்டு அட்டையை அவிழ்த்துக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். கூப்பிடவில்லை.

அட்டையை ஏன் கட்டவில்லை என்று கணவர் தினமும் கேட்கிறார்.