மாமாவா, மாமியா?

இன்னிக்கு சாயங்காலம் பொழிச்சலூர்ல நண்பன் ரஃபீக் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலூர்ல இருக்கிற அவன் தங்கச்சி, தன் குழந்தை பேசின முதல் வார்த்தையை செல்போன்ல வீடியோ எடுத்து மெயில்ல அனுப்பியிருந்தா.

ரஃபீக்கோட பழைய கம்ப்யூட்டர்ல அதைப் போட்டா, "மா"ன்னு ஆரம்பிச்சு மிச்சமெல்லாம் கர்ருன்னு ஒரே இரைச்சல்.

"மாமான்னு என்னைத்தான் கூப்பிடுது மச்சான்"னான் ரஃபீக்.

"இல்லண்ணா, மாமின்னு என்னைத்தான் கூப்பிடுது. நல்லா கேளுங்க"ன்னாங்க அவன் மனைவி நசீமா.

காலையிலேர்ந்து இதே சண்டையாம்.

சரியா கேக்கணுமேன்னு பிளேயர்ல வால்யூமை இருநூறு பர்சென்ட்டுக்கு ஏத்தி, சத்தத்தோட ஏற்ற இறக்கத்தை மாத்துற ஈக்வலைசரையும் மேல தூக்கி வச்சிருந்தாங்க. அளவுக்கு மீறி ஏத்தினா குரல் உடைஞ்சு இரைச்சலாத்தான் வரும். நான் வால்யூமை நூறுக்கு இறக்கி, ஈக்வலைசரை ஆஃப் பண்ணிட்டு, ஸ்பீக்கர்ல மட்டும் சத்தத்தைக் கூட்டினேன்.

கணீர்னு கேட்டுச்சு. குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "மாடு"ன்னுச்சு.

ரெண்டு பேரும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டாங்க, அப்பவும் மாடுதான்.

அப்புறம் ரஃபீக் மெதுவா, "முன்னாடி இருந்த மாதிரியே வச்சிடு மச்சான்"னான். நசீமாவும் உடனே தலையாட்டினாங்க.

மறுபடி இருநூறுக்கு ஏத்தி வச்சுட்டு வந்துட்டேன். ரிப்பேர் பண்ணினதை, கெஞ்சிக் கேட்டாங்கன்னு திரும்பக் கெடுத்துக் கொடுத்தவங்க வேற யாராவது இருக்கீங்களா?