மறைந்துபோன அதிர்ஷ்டச் சுழி

எண்பதுகளில், தாம்பரத்தில் ஜட்கா ஓட்டிய காசிம் பாய் தன் பெண் குதிரையை என் ஆண் குதிரையோடு சேர்க்கக் கூடுவாஞ்சேரிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண் குதிரையின் விலாவில் காசு அளவில் தடித்த மூன்று வட்டங்கள் இருந்தன.

"அதிர்ஷ்டச் சுழி சார்! குட்டி ராஜா மாதிரி பொறக்கும்," என்றார்.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். மறுநாள் காலை இரண்டுதான் இருந்தன. பிறவிச் சுழி எப்படி மறையும்? பயந்துபோய், சேர்க்கும் முன்பே மாட்டு டாக்டரை அழைத்தேன். அவை சுழியல்ல, ஒரு நோயால் வரும் தடிப்புகள், தோன்றி மறையும் என்றார்; ரத்தப் பரிசோதனையில் அந்த நோய் உறுதியானது. இணைசேரும்போது தொற்றும் கிருமியாம். பரவாமலிருக்கப் பாயின் குதிரையைக் கொன்றுவிடச் சொன்னார்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வூட்டுக்கே அதான் சோறு போடுது. ஏன் சார் எண்ணுனே?"

என் குதிரை தப்பியது. இன்றும் எதை எண்ணினாலும், இரண்டு என்றதும் அந்தக் குரல் கேட்கிறது.