பஞ்சில் முளைத்த நெல்

இந்த நாட்டில் சோறு தகரப் பேணிக்குள் பாலில் மிதந்து வருகிறது. அதற்கு மேல் ஒரு கரண்டி ஜாம் விட்டு, சாப்பாடு முடிந்த பிறகு இனிப்பாகத் தின்கிறார்கள். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அதைக் கண்டால் என் கை ஒருகணம் தயங்கும். மகள் வதனி தயங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில் மறுபடியும் கேட்டு வாங்கித் தின்பவள்.

அவளேதான் ஒருநாள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அப்பப்பான்ரை நெல்லைத் தாங்கோ. சாப்பாட்டுச் சாமானெல்லாம் எங்கையிருந்து வருதெண்டு மிஸ் படிப்பிக்கிறா. அரிசி பக்டரியிலை செய்யிறதெண்டு ஜோன் சொல்லுறான்."

"உன்ரை பேணிச் சோத்தைக் கொண்டுபோய்க் காட்டன்."

"பகிடி விடாதேங்கோ அப்பா."

அப்பப்பாவின் நெல் என்பது அலுமாரிக்குள் ஒரு துணி முடிச்சு. ஊரில், உருத்திரபுரத்தில், என் தகப்பனார், எங்கள் ஐயா, கடைசியாக விதைத்த வயலின் நெல். அறுக்க அவர் இருக்கவில்லை. செத்தவீட்டுக்கு நான் போகவுமில்லை. கப்பலேறிய ஊரவர் ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பியது. ஐயா என்று இங்கே நான் தொட்டுப் பார்க்க இருப்பது அதுதான். வதனிக்கோ அவர் முகமே தெரியாது. அதனால் கொடுத்தேன்.

கூடவே நானும் போய், வகுப்பில் முடிச்சை நானே அவிழ்த்தேன். மிஸ் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். என் விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று. ஏதோ விளையாட்டென்று நினைத்து அத்தனை பிள்ளைகளும் விரலை உதட்டில் வைத்தார்கள். மிஸ்ஸும்தான்.

எப்படிச் சொல்வேன் அவர்களுக்கு? என் சிறுவயதில், ஊரில் ஒரு மாரியில் முற்றிய கதிரெல்லாம் வெள்ளத்தில் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. கதிருக்குக் கதிர் வெள்ளை முளை. சூடடித்துத் தூற்றினால் களத்தில் சின்னதாய் ஒரு குவியல்.

"இவ்வளவுதானோ ஐயா?" என்றேன்.

"வாயைப் பொத்தடா! களம் கேக்கும்."

களத்தில் நின்று குறைவைச் சொல்லக்கூடாது; சொன்னால் உள்ள விளைச்சலும் போய்விடும் என்பார்கள். "பொலி, பொலி" என்று பெருகச் சொல்லிக்கொண்டே ஐயா அந்தக் குவியலை இரு கையாலும் அணைத்துக் கூட்டினார். முகத்தை மட்டும் எங்களுக்குக் காட்டவில்லை.

பள்ளிக்கூடத்து ஈரப் பஞ்சில் நெல் முளைத்தது. அதே வெள்ளை முளை. பார்க்கப் போன அன்று பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வதனி தன் பங்கை ஒரு சோசரில் கொண்டுவந்து குசினி யன்னலில் வைத்தாள். வேர் மண்ணைத் தேடிப் பஞ்சுக்குள் சுருண்டது. தளிர் கண்ணாடியில் சாய்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் வெண்பனி. நெல்மணிக்குள் ஊரிலிருந்து கொண்டுவந்த மாச்சத்து தீருமட்டும்தான் அது நிற்கும்.

நுனி மஞ்சளித்த அன்று வதனி கேட்டாள். "இனி வளராதோ அப்பா? இவ்வளவுதா..."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தானாகவே தன் விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.