ஈரமான பிடியரிசி

1935ஆம் வருஷம் பிறந்தபோது கடுகண்ணாவையில் எங்கள் ரோட்டில் குளிர்காய்ச்சல் நுழையாத வீடு இல்லை. என் மனைவி ஞானம்மாவும் விழுந்தாள். பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தேன். கர்த்தர் செய்ததை, சபையாரே, உள்ளபடி சொல்கிறேன்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் பெயரை எழுதுகிற அளவுதான் படிப்பு. ஆனால் கணவாய் இறக்கத்தில், தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டுவண்டியை ஒரு பெட்டி நகராமல் இறக்க என்னைப் போல ஆள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கூலிக்கு மாடு ஓட்டியவன் சொந்த வண்டிகள் வைத்தேன். ஓட்டு வீடு கட்டினேன். லொறி வந்த பிறகும் கண்டிக் கடைக்காரர்கள் என்னைத்தான் தேடி வந்தார்கள். எல்லாம் இந்தக் கையால்.

அந்தக் கை சும்மா கிடந்தது. வண்டிக்காரர்கள் எல்லாரும் படுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்திலும் எழுந்து நடக்க ஆளில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன், கொயினா மருந்து முடிந்துவிட்டது, பிறகு வா என்றார்கள். திரும்பி வந்தபோது ஞானம்மா கட்டிலிலிருந்து விழுந்து தரையில் கிடந்தாள். அதற்குப் பிறகு அவளைத் தனியே விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலைக்கு எடுக்கிற அரிசியில் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று பையில் போடுவார்கள். சனிக்கிழமை பையை வாசலில் மாட்டிவிட்டால், வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்கிற பைபிள் அம்மா எஸ்தர் வந்து எடுத்துக்கொண்டு போவார். ஞானம்மா ஒருநாளும் தவறியதில்லை. நினைவு தப்பிப் பிதற்றும்போதும் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

“பிடியரிசி எடுத்து வச்சீங்களா?”

“வச்சேன், நீ கண்ண மூடு” என்றேன்.

வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் கஞ்சி காய்ச்சியதே அந்த வாரந்தான். அரிசியைக் களைந்த பிறகே ஞாபகம் வரும். அப்படியே ஒரு பிடி அள்ளிப் பையில் போடுவேன். சனிக்கிழமை காலையில் பையை வாசலில் மாட்டினேன். எஸ்தரம்மா வந்ததும் உதவி கேட்போம் என்று காத்திருந்தேன். பல நாள் தூக்கம் இல்லை. கட்டில் காலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வாசலில் பை இல்லை. ரோட்டிலும் யாரும் இல்லை. வந்த ஒரே ஆளையும் விட்டுவிட்டேன். ஞானம்மாவுக்கு மூச்சு இழுத்தது. முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, என்னால முடியல. யாரையாவது அனுப்பும்” என்று அழுதேன். முடியவில்லை என்று என் வாய் சொன்னது அன்றுதான்.

அழுது முடியவில்லை, வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. எஸ்தரம்மா பையோடு நின்றார்.

“என்ன அண்ணே, ரோட்டு வளைவு தாண்டினதும் பையில அரிசி புளிச்ச வாடை அடிக்குது. களைஞ்ச அரிசியில ஞானம்மா பிடி எடுக்க மாட்டாளே. அவ எங்க?”

நான் உள்ளே கையைக் காட்டினேன். அவர் ஞானம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “பள்ளிக்கூடத்துல டாக்டர் ஐயா வந்து ஊசி போடுறாரு. நான் இவளோட இருக்கேன். நீங்க வண்டியக் கட்டுங்க” என்றார்.

நான் கட்டினேன். அந்த ரோட்டில் அன்று போனதுபோல் மாட்டுவண்டி போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர் ஐயா இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஊசி போட்டார். கொயினாவும் கொடுத்தார். இன்னும் ஒரு பொழுது தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

காய்ச்சல் இறங்கியது. ஞானம்மா எழுந்து உட்கார்ந்ததும் எஸ்தரம்மா அரிசிக் கதையைச் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, “மாட்டுக் கயிறு பிடிக்கிற கைக்கு அரிசி பிடிக்கத் தெரியுமா?” என்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்க நான் சகலத்தையும் கொடுத்திருப்பேன்.

நான் திறமாகச் செய்த எதையும் கர்த்தர் அன்று எடுத்துக்கொள்ளவில்லை. நான் கெடுத்த அரிசியைக்கொண்டே ஆளைத் திருப்பி அனுப்பினார். இப்போது எங்கள் வீட்டில் பிடியரிசி எடுப்பது நான்தான். ஞானம்மா பக்கத்தில் நின்று, அரிசி காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, சரியாகச் செய்யத் தெரியவில்லையே என்று நிற்காதீர்கள். ஈரமான பிடியானாலும் பையில் போட்டு வாசலில் மாட்டுங்கள். அதை எடுக்க ஆள் வரும்.